விசில் நிற்கும் வரை

வீடு வாங்கிய நாளில் வக்கீல் ஒவ்வொன்றாக நீட்டிய காகிதங்களில் ஒன்று, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெய்க்கானது. விற்கிறவர் டேங்கில் மிச்சம் வைத்துவிட்டுப் போகும் எண்ணெய்க்கு வாங்குகிறவர் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கமாம். டேங்கின் மேலிருந்த கேஜ், அதாவது ஒரு பிளாஸ்டிக் குப்பிக்குள் சிவப்பு வில்லை ஏறி இறங்கி எண்ணெய் அளவைக் காட்டும் கருவி, பாதி காட்டியது. பாதி என்றால் 130 காலன் என்று வைத்து, அன்றைய விலையால் பெருக்கி, நானூறு டாலருக்குச் சற்றுக் குறைவாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். கணக்கு எழுதுவது என் தொழில். பதினைந்து வருடமாக, ரசீது இல்லாமல் ஐந்து டாலரைக்கூட விடாதவள் என்று அலுவலகத்தில் பெயர் எடுத்தவள். அன்று மட்டும் அந்தச் சிவப்பு வில்லையின் வாய்மொழியை நம்பிப் பணம் கொடுத்துவிட்டேன்.

அது 2019 செப்டம்பர். வீடு மாசசூசெட்ஸின் நடுப்பகுதியில், வூஸ்டருக்கு வடக்கே ஒரு மேட்டுத் தெருவில் இருக்கிறது. 1958-ல் கட்டியது. எங்கள் தெருவுக்குக் குழாய் எரிவாயு கிடையாது. ஷ்ரூஸ்பரியிலும் வெஸ்ட்பரோவிலும் வீடு வாங்கிய தோழிகளுக்கு உண்டு. ஆஷ்லாந்து லட்சுமி கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, "எண்ணெய்யா? இந்தக் காலத்திலுமா?" என்று கேட்பார்கள், நான் ஏதோ விறகு பொறுக்கிச் சமைக்கிறேன் என்பதுபோல. அமெரிக்காவில் எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்குகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வடகிழக்கு மூலையில்தான் இருக்கிறோம் என்று சொல்லிப் பார்ப்பேன். யாருக்கும் அது பெருமையாகத் தெரிவதில்லை.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மெண்டின் மூலையில் நான்கு குட்டைக் கால்களில் ஓர் இரும்பு டேங்க் நிற்கும். ஐந்தடி நீளம், 44 அங்குல உயரம், 27 அங்குல அகலம். மேலும் கீழும் வளைந்து, பக்கங்கள் தட்டையாக, ஒரு ராட்சத மாத்திரை மாதிரி இருக்கும். கொள்ளளவு 275 காலன், அதாவது சுமார் 1,040 லிட்டர். முழுவதும் நிரப்ப மாட்டார்கள். எண்ணெய் விரிவதற்கு இடம் விட்டு 250-ஐ ஒட்டி நிறுத்திவிடுவார்கள். அடியிலிருந்து சுண்டுவிரல் பருமனில் ஒரு செப்புக் குழாய் பாய்லருக்குப் போகும். அங்கே பர்னர் எண்ணெயை ஊசித்துளை நாசில் வழியாகப் புகைபோலச் சிதறடித்து, மின்பொறியால் பற்றவைக்கும். அந்தச் சூட்டில் கொதிக்காமல் கொதிப்புக்குக் கிட்டத்தில் நிற்கும் தண்ணீர், சுவரோரக் குழாய்களில் வீடு முழுக்கச் சுற்றி வரும். மின்சாரம் போனால் டேங்க் நிறைய எண்ணெய் இருந்தும் பயனில்லை.

முதல் நாள் பேஸ்மெண்டுக்கு இறங்கியபோது மூக்கில் ஏறிய வாடை எனக்குப் பழையது. சாத்தூரில் எங்கள் தெருமுனை ரேஷன் கடையில், கையில் ஐந்து லிட்டர் கேனும் அட்டையுமாக வரிசையில் நின்ற வாடை. ரேஷன் மண்ணெண்ணெய் நீல நிறத்தில் இருக்கும். மானிய எண்ணெய் வெளிச்சந்தைக்குப் போனால் கண்டுபிடிக்கவே அந்தச் சாயம். இங்கே வீட்டு எண்ணெய் சிவப்பு. டீசலுக்கும் இதற்கும் பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. டீசலுக்குச் சாலை வரி உண்டு, இதற்கு இல்லை. வரி கட்டாத எண்ணெயை லாரியில் ஊற்றி ஓட்டினால் பிடிபடுவதற்குத்தான் சிவப்பு. எந்த நாடானாலும் அரசாங்கத்துக்கு எண்ணெயில் சாயம் கலக்காமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

நிரப்புகிற வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டின் வெளிச்சுவரில் இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று எண்ணெய் ஊற்றுவதற்கு, மற்றது உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்கு. காற்றுக் குழாய் டேங்கோடு சேரும் இடத்தில் ஒரு விசில் இருக்கிறது. எண்ணெய் உள்ளே போகப் போக, தள்ளப்படும் காற்று அதன் வழியே ஊதிக்கொண்டே வெளியேறும். எண்ணெய் மட்டம் விசிலின் அடியைத் தொட்டதும் சத்தம் நின்றுவிடும். லாரிக்காரர் டேங்கைப் பார்ப்பதில்லை, பேஸ்மெண்டுக்குள் வருவதுமில்லை. பனியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார், அவ்வளவுதான். குக்கரில் விசில் வந்தால் அடுப்பை அணைக்க வேண்டும். இங்கே விசில் நின்றால் கையை எடுக்க வேண்டும். ஊற்றத் தொடங்கியதும் விசில் கேட்கவில்லை என்றால், உடனே நிறுத்திவிடுவது அவர்கள் தொழிலின் முதல் பாடம். காரணம் இருக்கிறது. டேங்கை எடுத்துவிட்டு வெளிக்குழாயை மட்டும் விட்டுவைத்த வீடுகளில், விலாசம் மாறி வந்த லாரி நேராகப் பேஸ்மெண்ட் தரையில் எண்ணெயைக் கொட்டிய கதைகள் இங்கே நிறைய உண்டு. அப்புறம் அந்த வீட்டில் குடியிருக்க முடியுமா?

எண்ணெய் வாங்குவதில் இரண்டு வழி. ஒன்று, கம்பெனியே கணக்குப் பார்த்துத் தானாக வந்து நிரப்புவது. அவர்கள் கணக்கு அழகானது. ஒரு நாளின் சராசரி வெப்பம் 65 ஃபாரன்ஹீட்டுக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறதோ, அத்தனை 'டிகிரி நாள்'. சராசரி 25 என்றால் 40. உங்கள் வீடு ஒரு காலனில் எத்தனை டிகிரி நாளைத் தாங்கும் என்று பழைய பில்களிலிருந்து கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அது ஐந்து. ஆக அந்த நாளில் 8 காலன் தீர்ந்திருக்கும். யாரும் டேங்கை எட்டிப் பார்க்காமலேயே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவார்கள். இரண்டாவது வழி, நாமே கேஜைப் பார்த்து, குறையும்போது அந்த வாரம் யார் மலிவோ அவரைக் கூப்பிடுவது. காலனுக்கு நாற்பது, ஐம்பது சென்ட் மிச்சமாகும். நான் எந்த வழி என்று சொல்ல வேண்டியதில்லை.

2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு விலை காலனுக்கு ஐந்து டாலரைத் தாண்டியது. அந்தக் குளிர்காலம் முழுக்க, நாளை இறங்கும் நாளை இறங்கும் என்று பார்த்து, குறைந்தபட்ச அளவான 100 காலன் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தேன். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டி வாங்குவதுபோல. டேங்க் பாதிக்கு மேல் ஏறவே இல்லை.

2023 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை. கடுங்குளிர் வருகிறது என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மாலை கீழே இறங்கி கேஜைப் பார்த்தேன். கால் பாகம். கால் பாகம் என்றால் அறுபது காலனாவது இருக்கும்; எவ்வளவு குளிர்ந்தாலும் நாளுக்கு பன்னிரண்டு, பதின்மூன்று காலன்; திங்கட்கிழமை சொன்னால் போதும். கணக்கில் பிழையே இல்லை. ஆனால், போன வாரமும் அது கால் பாகம்தானே காட்டியது என்பது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கும் இருப்பை அலுவலகத்தில் யாராவது காட்டியிருந்தால், அவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருப்பேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு மகள் வந்து எழுப்பினாள். "அம்மா, என் அறையில் மூச்சு புகையாக வருகிறது." அவளுக்கு எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு. ஆனாலும் தெர்மோஸ்டாட் 54 காட்டியது. செல்சியஸில் 12. வெளியே, பாஸ்டன் விமான நிலையத்திலேயே மைனஸ் 23 செல்சியஸ். நாங்கள் அதைவிட மேட்டில் இருக்கிறோம். நியூ ஹாம்ப்ஷயரின் மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் அன்றிரவு காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 78 என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். கணவர் அவர் தங்கை மகன் திருமணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். அங்கே அப்போது பிற்பகல். கைபேசியில் பந்தி நடக்கும் சத்தத்துக்கு நடுவே, "பர்னரில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்" என்றார்.

அழுத்தினேன். பர்னர் உறுமியது, முப்பது நொடிபோல ஓடியது, அடங்கிவிட்டது. இன்னொரு முறை. இன்னொரு முறை. அப்படி அழுத்தவே கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. கோளாறு வேறாக இருந்து எண்ணெய் வந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரியாத எண்ணெய் உள்ளே தேங்கும். கடைசியில் ஒருமுறை பற்றிக்கொள்ளும்போது அத்தனையும் சேர்ந்து பற்றும். ஒருமுறை அழுத்தலாம். ஓடவில்லை என்றால் ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஆளைக் கூப்பிட்டேன். வழக்கமாக வாங்கும் இடத்தில் பதிவு செய்த குரல் மட்டும் பேசியது. இன்னொரு இடத்தில் ஒரு பெண் எடுத்து, எங்கள் வாடிக்கையாளர்களுக்கே திங்கட்கிழமைதான் முடியும் என்றார். அவர்மேல் தப்பில்லை. மலிவைத் தேடி ஊர் சுற்றியவளுக்கு அவசரத்தில் யாரும் சொந்தமில்லை.

ஆறரைக்கு எதிர்வீட்டுப் பெரியவரின் சமையலறையில் விளக்கு எரிந்தது. எழுபதைத் தாண்டியவர், நாற்பது வருடமாக அதே வீட்டில் இருக்கிறார். கோட்டுக்குள் இரவுடையோடு வந்து, நேரே டேங்கிடம் போய், விரல் முட்டியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். அடிவரை ஒரே ஒலி. வெறுங்குடம். பிறகு கேஜின் குப்பியை ஒரு சுண்டு சுண்டினார். சிவப்பு வில்லை சட்டென்று சறுக்கி அடியில் போய் உட்கார்ந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அந்த வில்லையை எடுத்து மிதிக்க வேண்டும்போல இருந்தது.

"பெட்ரோல் பங்கில் டீசல் வாங்கி வாருங்கள். மஞ்சள் கேன் என்னிடம் இருக்கிறது" என்றார். டீசலுக்கு மஞ்சள் கேன், மண்ணெண்ணெய்க்கு நீலம், பெட்ரோலுக்குச் சிவப்பு. மாற்றி ஊற்றினால் வீடே போய்விடும் என்பதால், போகும்போதும் வரும்போதும் 'மஞ்சள், டீசல்' என்று மகளோடு சேர்ந்து சொல்லிக்கொண்டே போனேன். ஐந்து காலன் கேன்கள் இரண்டு. வெளிக்குழாயின் மூடி உறைந்து இறுகியிருந்ததை அவர் பெரிய ஸ்பேனரால் திருகித் திறந்தார். புனல் வைத்து ஊற்றும்போது கையுறைக்குள்ளேயே விரல்கள் மரத்தன. உள்ளிருந்து விசில், கேட்டும் கேட்காததுமாக, ஒரு குழந்தை முனகுவதுபோல் ஊதியது.

ஊற்றினால் மட்டும் போதாது. குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்றாமல் பர்னர் எண்ணெயை இழுக்காது. அடியில் கிளறப்பட்ட கசடு படியட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு பர்னர் பம்பின் ஓரத்திலுள்ள சின்னத் திருகு முனையில் உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழலை மாட்டி, மறுமுனையைக் காலி ஊறுகாய் ஜாடிக்குள் விட்டார். "நான் சொன்னதும் பொத்தானை அழுத்துங்கள்." அழுத்தினேன். அவர் திருகைத் தளர்த்தினார். குழலில் முதலில் வெறும் காற்று, பிறகு நுரை, நுரையோடு துப்பித் துப்பி எண்ணெய், அப்புறம் ஒரு குமிழியும் இல்லாத கம்பிபோன்ற தாரை. திருகை இறுக்கினார். உள்ளே 'பொப்' என்று பற்றி, பாய்லர் முழங்கத் தொடங்கியது. சமையலறைக் குழாயைச் சொட்ட விட்டிருந்ததால் தண்ணீர்க் குழாய் எதுவும் உறைந்து வெடிக்கவில்லை. பெரியவருக்கு பில்டர் காபி போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். ஜாடி அவரிடமே போய்விட்டது. அது ஆவக்காய் ஜாடி, எவ்வளவு கழுவினாலும் இனி ஊறுகாய்க்கு ஆகாது.

அடுத்த வாரமே தானாக நிரப்பும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். ஆண்டுக்கொரு முறை சர்வீஸும் அவர்களே. வந்த மெக்கானிக் நாசிலையும் ஃபில்டரையும் மாற்றினார். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றியபோது உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு சேறு. டேங்க் காலியாகக் கிடந்தால் ஈரக்காற்று உள்ளே வியர்க்கும், தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும், தண்ணீரும் எண்ணெயும் சேரும் விளிம்பில் நுண்ணுயிர்கள் வளரும், அந்தக் கழிவு இரும்பை உள்ளிருந்து அரிக்கும் என்றார். அரைகுறையாக நிரப்பியே காலம் தள்ளிய நான் தலையை ஆட்டினேன். வெளியே புது வர்ணம் பளபளக்க, அடிவயிறு அரித்துக்கொண்டிருக்கும். டேங்குகள் அப்படித்தான் சாகுமாம்.

ஜூலையில் அம்மா வந்திருந்தார். வெயில் தாங்காமல், வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் பேஸ்மெண்ட்தான் என்று கண்டுபிடித்து, மதியமெல்லாம் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் மேலே வந்து, "உன் டேங்கில் முக்கால்வாசி எண்ணெய் இருக்கிறது" என்றார். எப்படித் தெரியும் என்றேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். புழுக்கத்தில் டேங்கின் வெளிச்சுவர் வியர்த்திருந்தது. ஆனால் முழுக்க இல்லை. உள்ளே குளிர்ந்த எண்ணெய் இருக்கும் உயரம் வரை முத்து முத்தாக ஈரம். அதற்கு மேல் காய்ந்த இரும்பு. கோடு போட்டதுபோல. "கேஸ் சிலிண்டரில் ஈரத்துணியால் துடைத்தால், உள்ளே கேஸ் இருக்கிற வரைக்கும் ஈரம் காயாமல் நிற்குமே, அதுதான் இது. படித்திருக்கிறாய், இதுகூடத் தெரியாதா?"

நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா குனிந்து டேங்கின் அடியைத் தடவினார். விரலை மோந்து பார்த்தார். "இது தண்ணீர் இல்லை. மண்ணெண்ணெய்." நூறு வியர்வைத் துளிகளுக்கு நடுவே ஒரு துளி மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது. நான் தனியாகப் பார்த்திருந்தால் துணியால் எல்லாவற்றையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போயிருப்பேன்.

மெக்கானிக் அன்று மாலையே வந்து காந்தத்தால் ஒட்டும் ஒரு பட்டையை அந்த இடத்தில் அமுக்கி வைத்தார். குண்டூசி முனையளவு துளை. இரும்பு அங்கே காகிதம்போல ஆகியிருக்கும், பட்டை தற்காலிகம்தான், குளிருக்கு முன் டேங்கை மாற்றிவிடுங்கள் என்றார். பத்துக் காலனோ அதற்கு மேலோ சிந்தியிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். எண்ணெய் தரை விரிசல் வழியே மண்ணுக்குள் இறங்கினால், தரையை உடைத்து மண்ணை அள்ளும் செலவு பல பத்தாயிரம் டாலர். சாதாரண வீட்டுக் காப்பீடு அதைத் தொடாது. இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது: செப்புக் குழாய்க்கு உறையோ பாதுகாப்பு வால்வோ போட்டிருந்தால், எண்ணெய்க் கசிவுக்கான காப்பீட்டை நிறுவனங்கள் கொடுத்தாக வேண்டும், சொந்த இடத்தைச் சுத்தம் செய்ய மட்டும் குறைந்தது 50,000 டாலருக்கு. எங்கள் குழாய்க்கு முந்தைய உரிமையாளரே ஆரஞ்சு உறை போட்டிருந்தார். ஆண்டுக்கு நூறு டாலருக்குள் முடிகிற அந்தக் கூடுதல் காப்பீட்டை, 'எதற்கு வீண்' என்று நான்கு வருடமாகத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். மறுநாள் காப்பீட்டு முகவரைக் கூப்பிட்டேன். முதலில் டேங்கை மாற்றுங்கள், பிறகு பேசலாம் என்றார்.

எண்ணெயே வேண்டாம், மின்சாரத்தில் ஓடி வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் இழுக்கும் ஹீட் பம்ப் போடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். யோசித்தேன். எரிபொருள் செலவைக் குறைக்க உதவும் மாஸ் சேவ் என்ற இந்த மாநிலத் திட்டத்தில், வீடு முழுவதற்கும் போட்டால் அப்போது பத்தாயிரம் டாலர் வரை திரும்பத் தந்தார்கள். வந்து பார்த்தவர், சுவரில் பஞ்சு அடைக்காத 1958 வீடு, மின்பலகையையும் மாற்ற வேண்டும் என்று போட்டுக் காட்டிய மொத்தத் தொகையைப் பார்த்து, மகள் கல்லூரிக்குப் போன பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். என் கணக்கில் அது சரியாகத்தான் வந்தது. என் கணக்கின் லட்சணம்தான் தெரியுமே.

செப்டம்பரில் புது டேங்க் வந்தது. இரட்டைச் சுவர்: உள்ளே பிளாஸ்டிக், வெளியே துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, குழாய் அடியிலிருந்து இல்லாமல் மேலிருந்து இழுக்கும். எல்லாமாக நாலாயிரத்துச் சொச்சம். நகரத் தீயணைப்புத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் ஆள் வந்து பார்த்துக் கையெழுத்திட்டார். பழைய டேங்கில் மேலாக இருந்த எண்ணெயையாவது புதியதில் ஊற்றுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். அழுக்குத் தண்ணீரைப் புதுக் குடத்தில் யாராவது ஊற்றுவார்களா என்று மறுத்துவிட்டார்கள். மிச்சமிருந்ததெல்லாம் என் கண்முன்னே போயிற்று. காலி டேங்கை இரண்டு பேர் பேஸ்மெண்ட் படியில் ஏற்றும்போது அடியில் சேறு சளக் சளக் என்று புரண்டது.

அம்மா ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் முதல் கேள்வி, "டேங்கில் எவ்வளவு இருக்கிறது?" புதியது வெளியே வியர்ப்பதில்லை என்று சொன்னால் அவருக்கு அதன்மேல் ஒரு அவநம்பிக்கை. நான் இப்போது ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைக்கிறேன்: தேதி, எத்தனை காலன், என்ன விலை, அதுவரை எத்தனை டிகிரி நாள். கம்பெனி கணக்கும் என் கணக்கும் இதுவரை ஆறு காலனுக்கு மேல் முரண்படவில்லை. கேஜையும் பார்க்கிறேன். பார்த்துவிட்டு ஒரு சுண்டு சுண்டுகிறேன்.

நாளைக் காலை லாரி வருகிறது என்று செய்தி வந்திருக்கிறது. நேற்றிரவு பத்து அங்குலம் பனி. வெளிக்குழாய்கள் இரண்டும் மூடிக் கிடக்கின்றன. காற்றுக் குழாயின் வாய் அடைந்தால் விசிலும் கேட்காது, அவரும் ஊற்றாமல் போய்விடுவார். இருட்டுவதற்குள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், வாசலிலிருந்து அங்கே வரை ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு வாரிவிட்டு வர வேண்டும்.